முளைப்பாரிக்குப் பாடிய கிராமபோன்

எங்கள் தெருவில் மூன்று பேருக்கு டாக்கிப் பைத்தியம் பிடித்திருந்தது. சினிமாவை அப்போது டாக்கி என்போம். ஒருத்தி நான். இன்னொருத்தி ஜவுளிக்கடைக்காரர் மகள். மூன்றாமவள் எங்கள் இரண்டு பேரையும்விட முற்றிய கேஸ். ஆனால் அவள் அதுவரை ஒரு டாக்கிகூடப் பார்த்ததில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தேவாரத்தில் பருத்தி எடுத்து முடித்ததும் ஊருக்கு வெளியே வெறுங்காட்டில் டென்ட் கொட்டகை வந்து இறங்கும். ஆனி பிறந்து மலைப்பக்கத்திலிருந்து காற்றும் சாரலும் புறப்பட்டால் டென்ட் துணி நிற்காது. அதற்கு முன்பே, சித்திரைக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் பார்த்துப் போய்விடுவார்கள். அந்தச் சில மாதங்கள் எங்கள் மூன்று பேருக்கும் கால் தரையில் பாவாது.

படம் மாறும் நாளில் மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசி வருவார்கள். கல்யாண வயசு வந்த பெண்கள் என்ற வெட்கமே இல்லாமல் வண்டிக்குப் பின்னால் ஓடுவோம். ரோஸ், மஞ்சள், பச்சை என்று தாள்கள். பாதிக் கதையை அச்சடித்துவிட்டு, நெஞ்சு படபடக்கிற இடமாகப் பார்த்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். எழுதியவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

வெள்ளித்திரையில் காண எங்கள் மூன்றாமவளுக்கு வீட்டில் உத்தரவு கிடையாது. அதனால் மீதிக் கதையை அவளே கட்டி முடிப்பாள். நான் பாதியை வாசிப்பேன். அவள் அங்கேயே உட்கார்ந்து மீதியைச் சொல்வாள். அவள் முடிக்கிற கதையில் யாரும் சாக மாட்டார்கள். கெட்டவன் மனம் திருந்தி ஊருக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுப்பான். காட்டில் தொலைந்த பிள்ளை எப்படியும் வீடு வந்து சேரும். யானை வருகிற கதை என்றால் கடைசியில் அந்த யானைக்கும் ஒரு கட்டுக் கரும்பு உண்டு. நாங்கள் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து நிஜக் கதையைச் சொன்னால், "போங்கடி, அவுகளுக்கு முடிக்கத் தெரியல" என்பாள்.

அவளுக்கு டாக்கி ஆகாமல் போனதற்குக் காரணம் அவள் அத்தை. அவள் அப்பாவுக்கு அக்காள், பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டவர். அந்த அத்தை மகன்மேல் எங்கள் சிநேகிதிக்குக் கொள்ளை ஆசை. அவர் ஊருக்கு வந்தால், ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிறைந்து நிற்கிற கன்றுக்குட்டிக்கு மறுபடியும் மறுபடியும் தண்ணீர் காட்டுவாள். கன்றுக்குட்டி எங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். ஆனால் அத்தை இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொரு வசதியான வீட்டிலிருந்தும் பெண் கொடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில் யாருடையதோ ஒரு கல்யாண வீட்டில் வைத்து அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "டென்ட்டுக்குள்ள மண்ணுல உக்காந்து கூத்துப் பாக்குற பொண்ணு எவ வீட்டு அடுப்படிக்கும் ஆக மாட்டா." அந்த வார்த்தை தேவாரத்துக்கு வந்த நாளோடு எங்கள் சிநேகிதியின் அம்மா டென்ட் இருந்த திசைக்கே கதவைச் சாத்திவிட்டார்.

அந்தச் சித்திரையில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போட்டார்கள். எங்கள் தெருவுக்கான ஓடுகள் அந்த வருஷம் அவள் வீட்டில்தான் வளர்ந்தன. வீட்டுக்கொரு மண் ஓட்டில் எருவும் வைக்கோலும் போட்டு, தட்டாம்பயறும் மொச்சையும் பாசிப்பயறும் விதைத்து, இருட்டறைக்குள் வைத்து நீர் தெளிப்பார்கள். வெளிச்சமே படக் கூடாது. பயிர் இளமஞ்சளாக, விறைப்பாக, நேராக எழும்ப வேண்டும். அப்புறம் ஒரு சட்டம் உண்டு. ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் பெண்கள் அதைச் சுற்றி நின்று பாடிக் கும்மி அடிக்க வேண்டும். பாட்டுக் கேட்காத பாரி வளராது. பாரிக்குக் காது உண்டு என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பாரி நன்றாக வளர்ந்தால் அந்த வீட்டுப் பெண் கைராசிக்காரி. கூனிக் குறுகிப் போனால் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது. பழனிசெட்டிபட்டியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது: "பாரி எடுக்கிற அன்னைக்கு அத்தை வர்றாக. பாரியப் பாத்துட்டு ஒரு முடிவு சொல்றேன்னாக." அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் சிநேகிதிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஓட்டுப் பயிரின் உயரத்தில் அவள் வாழ்க்கை நின்றது. கிண்டலுக்குப் பேர்போன நானே அந்த நாட்களில் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரி எடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது நோட்டீஸ் வண்டி வந்தது. 'இன்றே கடைசி.' மறுநாள் டென்ட்டைப் பிரிக்கிறார்கள். படம் எது என்றால், எங்கள் சிநேகிதி கரும்பு கொடுத்து முடித்து வைத்திருந்த அந்த யானைக் கதை.

அன்றைக்கென்று பெரிய பெண்கள் எல்லாரும் மாவிளக்குக்கு மாவு இடிக்கக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். "கும்மிய நீங்க பாத்துக்கங்கடி" என்று எங்கள் மூன்று பேரிடமும் வீட்டையும் பாரியையும் ஒப்படைத்திருந்தார் சிநேகிதியின் அம்மா. அவர் தெருமுனை திரும்பியதும் இவள் அழ ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு விட்டா ஆயுசுக்கும் பாக்க மாட்டேன். கல்யாணம் முடிஞ்சா அத்தை விட மாட்டாக. முடியலேன்னா பாக்க எனக்கு மனசு இருக்காது."

அவளை அப்படி விடவும் மனசில்லை. கும்மியை விட்டுப் போகவும் முடியாது. பாரிக்குப் பாட்டு இல்லாவிட்டால் கல்யாணமே போச்சு. மூன்று பேரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் மகள் எழுந்தாள்.

"பாரிக்கு வேண்டியது பாட்டுத்தான? யாரு பாடினா என்ன?"

அவள் அப்பா கடையில் ஒரு கிராமபோன் வைத்திருந்தார். சேலை எடுக்க வருகிறவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே இன்னொரு சேலை எடுப்பார்கள் என்பது அவர் யோசனை. சரக்கு எடுக்க அவர் மதுரைக்குப் போயிருந்தார். இவள் போய்க் கிராமபோனையும் அதில் சுற்றும் பாட்டுப் பிளேட்டுகளையும் ஒரு பெரிய கூடையில் வைத்து, மேலே அழுக்குத் துணியை மூடி, வண்ணானுக்குத் துணி போடப் போகிறவள் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருத்திக்குக்கூட அது தப்பாகத் தெரியவில்லை. இவ்வளவு சுலபமான வழி ஊர்ப் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியப்பட்டோம்.

ஆனால் கிராமபோன் தானாகச் சுற்றாது. சாவி கொடுக்கவும் பிளேட்டு மாற்றவும் ஒரு ஆள் வேண்டும். கல்யாணக்காரி கட்டாயம் போக வேண்டும். அவளுக்குத் துணையாக ஒருத்தி. ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட்டோம். தோற்றது நான். கிராமபோனைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் படத்துக்குப் போகிறாள். அதைத் தொட்டே அறியாத நான் அதற்குக் காவல். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "போங்க, போங்க, மகராசியா போயிட்டு வாங்க" என்று நான் வாழ்த்திய தொனியில் இரண்டு பேரும் வாசல்படி தடுக்கி விழப் பார்த்தார்கள்.

இருட்டறையின் கதவு கிழக்குப் பார்த்தது. கதவை ஒட்டி உள்ளே ஒரு மாடக்குழி. பாரிக்கு வெளிச்சம் ஆகாது என்று தெரியும். ஆனால் துளி வெளிச்சம்கூட இல்லாமல் எப்படி ஊசி மாற்றுவது? ஆமணக்கெண்ணெய் விளக்கு ஒன்றைத் திரியை இழுத்துச் சின்னதாக்கி, மாடக்குழிக்குள் தள்ளி வைத்தேன். அந்த வெளிச்சத்தில் என் கை எனக்குத் தெரிந்தது. பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டேன்.

முதலில் வந்தது நாதசுரம். பரவாயில்லை, மங்களமாகத்தான் தொடங்குகிறது என்று நானும் எழுந்து ஓடுகளைச் சுற்றித் தனியாகக் கும்மி கொட்டினேன். அந்தத் தாளத்துக்குக் கும்மி அடித்தால் கால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். இரண்டாவது பிளேட்டில் ஏதோ நாடகத்து ராணி, புருஷனைப் பறிகொடுத்து ஒப்பாரி வைத்தாள். கல்யாணத்துக்காக வளர்கிற பாரிக்கு முன்னால் ஒப்பாரி! பாய்ந்து ஊசியைத் தூக்கினேன். "ஆத்தா, இது உனக்கில்ல, தப்பா எடுத்துக்காத" என்று ஓடுகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது, ஹாஸ்யப் பிளேட்டு. ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. மாமியார் குரல் தகரத்தில் ஆணி இழுக்கிற குரல். குழம்பில் உப்பு, கோலத்தில் கோணல், கொண்டையில் பூ என்று ஒன்று விடாமல் பிடித்து மருமகளை வறுத்தெடுக்கிறாள். மருமகள் நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஓடுகளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சாவி கொடுக்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது.

அத்தை. இரண்டு நாள் கழித்து வர வேண்டியவர், வீடு சாதாரண நாளில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். முன்கட்டில் ஆளைக் காணோம். பாரி அறைக்குள்ளிருந்து சண்டைச் சத்தம். வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் புலப்பட்டிருக்காது. இருட்டைப் பார்த்து அவர் ஓர் அதட்டல் போட்டார்.

"யாரு அது? பாரி வீட்டுல நின்னு பேசுற பேச்சா இது? வாய மூடு!"

மாமியார் மூடவில்லை. உப்பிலிருந்து புளிக்குப் போனாள்.

"நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்குப் பேசுற! பெத்தவுக வீட்ட விட்டுட்டு உன்னை நம்பி வந்த புள்ளையடி அது. ஒரு நா உப்புக் கூடினா என்ன, கொறஞ்சா என்ன? நீ பொறந்த அன்னைக்கே கொழம்பு வைக்கத் தெரிஞ்சுக்கிட்டா வந்த?"

மருமகள் மூக்கை உறிஞ்சினாள். உடனே அத்தையின் குரல் தணிந்துவிட்டது.

"ஏ புள்ள, நீ அழுகாத. அவ கெடக்கா. நீ வா எங்கூட, நான் கஞ்சி ஊத்துறேன்."

நான் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த அத்தையை நினைத்து எங்கள் சிநேகிதி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாளோ, அந்த அத்தை, முகம் தெரியாத ஒரு மருமகளுக்குக் கஞ்சி ஊற்ற நிற்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சிரிப்பும் முட்டியது. இரண்டையும் ஒரே வாய்க்குள் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்போது சாவி தீர்ந்தது. தகரக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தடித்து, ஆண்குரலாகி, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இறங்கியது.

"ஆத்தா!" என்று அத்தை பின்வாங்கினார். கைகள் தாமாகக் கூப்பின. "சாமி வந்துருச்சு! தாயே, கோவப்படாத. சின்னஞ்சிறுசுக, தெரியாமச் செஞ்சிருக்கும். யாரு மேல வந்திருக்க, சொல்லு தாயே!"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாயிலிருந்து கை நழுவி, சிரிப்பு பீறிட்டுவிட்டது.

விளக்கை எடுத்துக் காட்டினேன். அத்தை கிராமபோனைப் பார்த்தார். குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "எங்க என் தம்பி மக?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் புளியங்கொட்டையில் தோற்றதிலிருந்து உள்ளே கிடந்த கோபம் வாய்க்கு வந்துவிட்டது. "டென்ட்டுக்குப் போயிருக்கா. இதுவரைக்கும் ஒரு படம் பாத்ததில்ல, உங்களுக்குப் பயந்துதான். உங்க வீட்டுக்கு வந்தா இனிமேலும் பாக்க முடியாதுன்னு அழுதா. நாங்கதான் போகச் சொன்னோம். வையிறதா இருந்தா என்னை வையிங்க. பாரிக்கு ஒரு கொறையும் வைக்கல. பாட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

விளக்கைத் திரும்ப மாடக்குழிக்குள் வைத்தேன். அத்தை மறுபடியும் குனிந்து குழாயைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அந்தச் சண்டக்காரி கடேசியில அடங்கினாளா இல்லையா?"

"தெரியலை அத்தை. அதுக்குள்ள சாவி தீந்துருச்சு."

"அப்பச் சாவி குடு."

தரையில் காலை மடக்கி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். திருப்பிப் போடச் சொன்னார். மறுபக்கத்தில் சமாதானம் பண்ண வந்த புருஷனை, மாமியாரும் மருமகளும் ஒன்று சேர்ந்துகொண்டு விளக்குமாற்றால் துரத்துகிறார்கள். அத்தை சிரித்த சிரிப்பில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மாமியாளுக்கு அப்படியே இந்தக் கொரலுதான்" என்றார். "அப்ப எனக்குன்னு ஒருத்தரும் கதவத் தெறந்துக்கிட்டு வரல." அவ்வளவுதான் சொன்னார். உடனே எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். "இதெல்லாம் பாரிக்கு ஆகாது. எந்திரி, ரெண்டு கும்மி கொட்டுவோம்."

அவர் பாட நான் பின்பாட்டு. ரெண்டு என்றவர் படம் விடுகிற நேரம் வரைக்கும் நிறுத்தவில்லை. படம் விட்டு வந்தவர்கள் கும்மிச் சத்தம் கேட்டு, கிராமபோன் நன்றாகத்தான் பாடுகிறது என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்கள். அத்தையைக் கண்டதும் கல்யாணக்காரியின் முகம் வெளுத்துப் போனதை அந்தக் குட்டி விளக்கிலும் பார்க்க முடிந்தது.

"பாவாடையெல்லாம் மண்ணு" என்றார் அத்தை. "தரையிலயா உக்காந்த?"

"ஆமா அத்தை."

"அங்கன பெஞ்சு கெடக்காம்ல? உக்காந்தா கொறஞ்சா போயிருவ? சரி, கதையச் சொல்லு."

எங்கள் மூன்று பேருக்கும் எதுவும் புரியவில்லை. அத்தை முன்கட்டுக்கு வந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவள் நடுங்கிக்கொண்டே ஆரம்பித்தாள். காடு வந்ததும் நடுக்கம் போனது. யானை வந்ததும் கையை ஆட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கெட்டவன் ஊருக்குக் கிணறு வெட்டினான்; யானை கரும்பு தின்றது. கடைக்காரர் மகள் என் தொடையைக் கிள்ளினாள். படத்தில் அப்படி எதுவும் இல்லை, கெட்டவனைக் குத்திக் கொன்றுவிடுகிறார்கள் என்று அப்புறம் சொன்னாள். நிஜப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தும் இவள் தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை "நல்ல கதை" என்றார். கிராமபோனைக் கடையில் திரும்ப வைத்த பிறகு கோயிலிலிருந்து வந்த சிநேகிதியின் அம்மாவிடமும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை. எனக்கு அன்று தூக்கமில்லை.

விடிந்ததும் அவள் அம்மா போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. பாரி சாய்ந்திருந்தது. ஒரு ஓடு பாக்கியில்லாமல், நேராக நின்ற பயிரெல்லாம் ஒரே பக்கமாக வளைந்து கிடந்தது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "ஏதோ குத்தம் நடந்திருக்கு" என்றார் ஒருவர். "இந்த வீட்டுக்கு இது ஆகாது" என்றார் இன்னொருவர். சிநேகிதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. மாடக்குழியிலிருந்து விளக்கை எடுக்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டோம். எண்ணெய் தீரும் வரைக்கும் அது எரிந்திருக்கிறது. வெளிச்சத்தையே பார்க்காத பயிர், கிடைத்த துளி வெளிச்சத்தைத் தேடித் தலையை நீட்டிவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் டென்ட்டும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். பயிரைப் பார்த்தார். மாடக்குழியில் படிந்திருந்த கரியைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"இது சாஞ்சிருக்கிறது எந்தத் தெசை?"

"கெழக்கு மதினி" என்று அழுதுகொண்டே சொன்னார் சிநேகிதியின் அம்மா.

"பழனிசெட்டிபட்டிக்கு எந்தப் பக்கம் போறது?"

கேட்டுவிட்டு, அத்தையே வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"கெழக்காமத்தான? பொண்ணு போகப்போற வீட்டப் பாத்து ஆத்தா கை காட்டியிருக்கா. இதுல என்ன குத்தத்தக் கண்டீக? நான் இன்னும் வாயத் தெறக்கலயேன்னு அவளே சொல்லிட்டா. குலவையப் போடுங்க!"

குலவைச் சத்தத்தில் எங்கள் சிநேகிதி அழுதது யாருக்கும் கேட்கவில்லை. கடைக்காரர் மகளும் நானும் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நாங்களும் சேர்ந்து அழுதோம்.

பாரி எடுத்த அன்று, சாய்ந்த பயிரோடு அவள் ஓட்டைத் தலையில் ஏற்றிவிட்டு, அத்தை என் காதருகே குனிந்தார்.

"அந்தச் சண்டப் பிளேட்ட அவ சீர்ப் பெட்டியில வச்சு அனுப்புங்கடி. பாடுற பொட்டிய நான் வாங்கிக்கிறேன். சண்ட போடணும்னு தோணுற அன்னைக்கு அதப் போட்டு விட்டுட்டு, அவளும் நானும் வேற சோலியப் பாப்போம்."

அனுப்பினோம். ஜவுளிக்கடைக்காரர் அந்தப் பிளேட்டை ரொம்ப நாள் தேடினார்.